புகழும் பயிற்சியும்

வாயினின்று பிறக்கும் பாட்டு, பாடி முடித்த அளவிலே காற்றோடு கலந்து மறைந்துவிடுகிறது. அதனை மறையாமல் காத்து, கடல் கடந்த நாட்டினரும் கேட்குமாறு செய்தது ஒலிப்பதிவுக் கலை. அக்கலையின் துணையால் உலகப் புகழ் பெற்றவர்களுள் பீட்டில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் குறிப்பிடத்தக்கவர். அவர்களுடைய வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஒரு பங்கு உண்டு.

ஜான் லென்னன், பால் மக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள லிவர்ப்பூல் என்னும் துறைமுக நகரில் பிறந்தவர்கள். முதல் மூவரும் 1960ஆம் ஆண்டு முதல் பலமுறை ஜெர்மனி நாட்டு ஹாம்பர்க் நகருக்குச் சென்று, அங்குள்ள இரவு விடுதிகளில் நாள்தோறும் பல மணி நேரம் பாடினர். கை சலிக்கக் கித்தார் வாசித்த அந்நாள்களே அவர்களுக்குப் பள்ளிக்கூடமாயின. எனினும், 1962ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலண்டன் நகர இசைத்தட்டு நிறுவனமொன்று அவர்களை ஏற்க மறுத்தது. அவர்கள் மனந்தளரவில்லை. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் மார்ட்டின் என்னும் ஒலிப்பதிவு வல்லுநர் அவர்களுக்கு வாய்ப்பளித்தார். ரிங்கோவும் அவ்வாண்டில்தான் குழுவிற் சேர்ந்தார். அக்டோபர் திங்களில் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவந்தது.

1963ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், ஒரே நாளில் பத்துப் பாடல்களை அவர்கள் பதிவு செய்து முடித்தனர். ஹாம்பர்க் நகரில் பெற்ற பயிற்சியன்றோ அவ்வருஞ்செயலை இயல்வதாக்கியது! மறு ஆண்டு அவர்கள் அமெரிக்கா சென்றபோது, ஏறத்தாழ 7 கோடியே 30 லட்சம் மக்கள் தொலைக்காட்சியில் அவர்களைக் கண்டனர்.

புகழ் பெருகியது, அதனுடன் ஓர் இடரும் வந்தது. 1965ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்து விளையாட்டரங்கு ஒன்றில் சுமார் 55,000 பேர் கூடினர். அவர்கள் எழுப்பிய பேரிரைச்சலில் பாடுவோர் தம் பாட்டைத் தாமே கேட்க இயலவில்லை. தன் இசை தன் காதில் விழாதபோது கலைஞன் அதனை எங்ஙனம் திருத்துவான்? எங்ஙனம் வளர்ப்பான்? ஊர்தோறும் சென்று பாடுவதை அவர்கள் 1966ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டனர். ஒலிப்பதிவுக் கூடத்தையே தம் உழைப்பிற்குரிய களமாகக் கொண்டனர்.

படவேட்டை அடுத்த ஆரணி வட்டாரத்தில் பட்டுத்தறியைக் கண்டவர்க்கு அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கும். நெசவாளர் முதலில் பாவு நூலை நீளவாட்டில் அமைக்கின்றனர். பின்னர் ஊடை நூலைக் குறுக்கே செலுத்துகின்றனர். இரண்டும் இணைந்து ஒரே சேலையாகின்றன. அதுபோலவே, ஒலிநாடாவில் அடுத்தடுத்து நான்கு தடங்கள் இருக்கும். ஒரு நாள் தாளத்தை ஒரு தடத்தில் பதிவு செய்வர். மற்றொரு நாள் அதனைக் கேட்டுக்கொண்டே குரலையும் பிற கருவிகளையும் வேறு தடங்களிற் சேர்ப்பர். இம்முறையில், முன்பு ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பாடி முடித்தவர்கள், 1967ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் இசைத்தட்டுக்குப் பல திங்கள் உழைத்தனர்.

இந்நிலையில் ஹாரிசனுக்கு இந்திய இசையில் நாட்டம் மிகுந்தது. 1965ஆம் ஆண்டிலேயே அவர் ஒரு பாட்டிற்குச் சித்தார் வாசித்திருந்தார். ஆயினும் முறையான பயிற்சி அவருக்கில்லை. மறு ஆண்டு பண்டிட் ரவி சங்கரிடம் மாணவரானார். ரவி சங்கரோ மைகார் நகரில் அலாவுதீன் கானிடம் ஏறத்தாழ ஏழாண்டுகள் குருகுல முறையில் பயின்றவர். ஒருநாள் பாடம் நடக்கையில் தொலைபேசி மணி ஒலித்தது. ஹாரிசன் சித்தாரைக் கீழே வைத்துவிட்டு, அதனைத் தாண்டிச் செல்லக் காலெடுத்தார். உடனே ஆசிரியர் அவர் காலில் ஓர் அடி கொடுத்து, இசைக்கருவியை மதிக்க வேண்டும் என்று உணர்த்தினார். புத்தகம் காலிற் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் நாட்டுச் சிறுவர்க்கு அவ்வடியின் பொருளை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உலகமே கொண்டாடிய ஹாரிசன் அதனைப் பாடமாகவே ஏற்றுக்கொண்டார். அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியா வந்து, பம்பாயிலும் காஷ்மீரிலும் தங்கிச் சித்தார் பயின்றார்.

1968ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மீண்டும் பம்பாய்க்கு வந்து, ஒரு திரைப்படத்திற்காக நம் கலைஞர்களைக் கொண்டு இசையைப் பதிவு செய்தார். அதற்கு வேண்டிய இருதட ஒலிப்பதிவுக் கருவி அங்கு இல்லை. இந்திய கிராமபோன் கம்பெனியின் உயர் பொறுப்பிலிருந்த பாஸ்கர் மேனன், அதனைக் கல்கத்தாவிலிருந்து ரயிலிற் கொண்டுவந்து உதவினார். அப்போதே புல்லாங்குழல், சரோட் முதலிய கருவிகளின் இசையோடு ‘தி இன்னர் லைட்’ என்னும் பாட்டிற்குரிய இசையும் பதிவாயிற்று. குரல் பின்னர் இலண்டனிற் சேர்க்கப்பட்டது. பாவு பம்பாயிலும் ஊடை இலண்டனிலும் அமைந்த நெசவு அது எனலாம்.

அவ்வாண்டிலேயே ஹாரிசன் ஓர் உண்மையை உணர்ந்தார். இளமை தொட்டு இடைவிடாது பயின்றோர்க்கே சித்தார் வசப்படும் என்று கண்டு, தமக்குரிய கித்தாருக்கே திரும்பினார். 1970ஆம் ஆண்டு குழு பிரிந்தது. அவர் கொண்ட நட்பு பிரியவில்லை. 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள், வங்கதேச அகதிகளின் துயர் துடைக்க, ரவி சங்கரும் அவரும் நியூயார்க் நகரில் இசைநிகழ்ச்சி நடத்தி நிதி திரட்டினர். 1974ஆம் ஆண்டில் ஹாரிசன் உருவாக்கிய இசைத்தட்டொன்றில், தமிழ்க் குடும்பத்திற் பிறந்த லட்சுமி சங்கர் பாடினார். அவ்வாண்டு இலண்டனில் நடந்த இந்திய இசைவிழாவில் சென்னை வயலின் கலைஞர் எல். சுப்பிரமணியமும் வாசித்தார்.

ஹாரிசன் 2001ஆம் ஆண்டு மறைந்தார். அவர் சித்தார் மேதையாகவில்லை. ஆனால், தம் அளவை அறிந்தார். தம்மினும் வல்லவரைப் போற்றி, அவர் இசையை உலகம் கேட்கச் செய்தார். புகழின் உச்சியில் நின்றபோதும் ஆசிரியர்முன் தரையில் அமர்ந்து கற்ற பணிவே அவருக்கு அவ்வறிவைத் தந்தது.