ஐந்தாண்டு நிறையுமுன் வைப்பு நிதியை எடுக்கலாமா?

நம் அங்கத்தினர்களுள் பலர் கூட்டுறவு நூற்பாலைகளிலும் சர்க்கரை ஆலைகளிலும் சங்க அலுவலகங்களிலும் ஊதியத்திற்குப் பணியாற்றுகின்றனர். நெசவாளர், உழவர் இல்லங்களிலிருந்து திருப்பூர், கோயமுத்தூர் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும் பெண்களும் ஏராளம். இவர்களில் பெரும்பாலோருடைய ஊதியத்திலிருந்து வருங்கால வைப்பு நிதிக்கென்று மாதந்தோறும் ஒரு தொகை பிடிக்கப்படுகிறது. ஆனால் ஓர் ஆலையை விட்டு மற்றோர் ஆலைக்குப் போகும்போது, சேர்ந்த தொகையை உடனே எடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவியுள்ளது. எடுத்த பிறகே, “பத்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறதே, ஏன்?” என்ற வினா எழுகிறது. ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் இவ்வினாவுக்கு இங்கே விடை கூற முற்படுகிறோம்.

வைப்பு நிதி என்பது 1952 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நாட்டில் நிலைபெற்ற ஏற்பாடு. தொழிலாளி முதுமையில் பிறர் கையை எதிர்பாராது வாழவேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறும் பொருட்டே அரசாங்கம் அதற்கு வரிச்சலுகை அளித்துள்ளது. சலுகைக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. தொடர்ச்சியாக ஐந்தாண்டுப் பணி முடிந்த பின் எடுக்கப்படும் தொகைக்கு வரி இல்லை. அதற்கு முன் எடுத்தால் வரி உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் பெறும் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் அவர் பங்கு 1,800 ரூபாய். ஆலையின் பங்கும் அதே அளவுதான். எனினும் அதில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்திற்குச் சென்றுவிடுவதால், வைப்பு நிதிக்கு வருவது 550 ரூபாயே. ஆக மாதம் 2,350 ரூபாய் சேர்கிறது. நாலு ஆண்டு எட்டு மாதத்தில், அதாவது 56 மாதத்தில், 1,31,600 ரூபாய் ஆகிறது. 2024-25 ஆம் ஆண்டுக்கு அளிக்கப்பட்ட நூற்றுக்கு 8.25 என்ற வட்டி வீதத்தையே எல்லா ஆண்டுகளுக்கும் கொண்டால், முதலும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 1,60,000 ரூபாய் வரும்.

இவர் இந்நிலையில் வேலையை விட்டு முழுத் தொகையையும் கோரினால், 16,000 ரூபாய் வரியாகப் பிடிக்கப்படும். எடுக்கும் தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் நூற்றுக்குப் பத்து வீதம் பிடிக்கவேண்டும் என்பது விதி. அவர் தம் வருமான வரிக் கணக்கு எண்ணாகிய பான் எண்ணைக் கொடுக்காதிருந்தால் பிடிப்பு நூற்றுக்கு இருபது. அதாவது 32,000 ரூபாய். இன்னும் நான்கு மாதம் பணியில் இருந்திருந்தால் ஒரு காசும் பிடிபட்டிராது.

இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். பிடிக்கப்படும் தொகை முன்பணமே தவிர, முடிவான வரி அன்று. முடிவான வரியைக் கணக்கிடும்போது நிதியின் நான்கு பகுதிகளும் தனித்தனியே நோக்கப்படும். ஆலை செலுத்திய பங்கும் அதன் வட்டியும் ஊதிய வருமானமாகும். தொழிலாளியின் சொந்தப் பங்குக்கு மேல் வந்த வட்டி பிறவகை வருமானமாகும். சொந்தப் பங்குக்கு முன் ஆண்டுகளில் வரிக்கழிவு பெற்றிருந்தால் அக்கழிவும் திரும்பப் பெறப்படும். பெறாதவருக்கு அப்பகுதியில் பாரம் இல்லை.

ஆகவே, வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் இல்லாதவர் அந்த 16,000 ரூபாயை இழந்துவிட்டதாக எண்ணி வாளாவிருத்தல் கூடாது. உரிய காலத்தில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதனைத் திரும்பப் பெறலாம். தம் ஆண்டு வருமானத்துக்கு வரி ஏதும் வராது என்று உறுதியாக அறிந்தவர், பணம் கோரும்போதே அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துப் பிடிப்பைத் தவிர்க்கலாம். பொய்யான உறுதிமொழி தண்டனைக்குரியது என்பதையும் மறக்கலாகாது.

ஐந்தாண்டு விதிக்கு விலக்குகளும் உள்ளன. நோயினால் பணி முடிவுற்றாலும், ஆலை மூடப்பட்டாலும், தொழிலாளியின் கைக்கு மீறிய வேறு காரணத்தால் வேலை போனாலும், ஐந்தாண்டு நிறையாத போதும் வரி இல்லை. ஆனால் ஆலை மூடப்பட்டு வெளியேறியவரின் ஏட்டில் “தாமாக விலகினார்” என்று எழுதப்பட்டிருந்தால் இவ்விலக்கை நிலைநாட்டுவது கடினமாகும். விலகிய நாளும் காரணமும் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று பார்த்துக்கொள்வது தொழிலாளியின் கடமை. சரியாகப் பதிவது நிர்வாகத்தின் கடமை.

எல்லாவற்றினும் முக்கியமானது கணக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை. பாவு தீரும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கிறார்? பழைய பாவின் இழைமுனைகளோடு புதிய பாவைப் பிணைத்து நெசவைத் தொடர்கிறார். வைப்பு நிதியையும் அவ்வாறே பிணைக்கலாம். பழைய ஆலையில் மூன்று ஆண்டும் புதிய ஆலையில் இரண்டு ஆண்டும் பணியாற்றியவர், பழைய நிதியைப் புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால், அவருக்கு ஐந்தாண்டு நிறைந்ததாகவே கொள்ளப்படும். மாற்றுவதற்கு வரியும் இல்லை. 2014 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பொது எண் ஒன்று வழங்கப்படுகிறது. ஆலை மாறினாலும் அந்த எண் மாறாது. புதிய இடத்தில் அதே எண்ணைக் கொடுத்தல் வேண்டும்.

ஓய்வூதியப் பங்கிலும் எச்சரிக்கை தேவை. பத்தாண்டுப் பணி நிறைந்தாலன்றி மாத ஓய்வூதியம் இல்லை. இடையில் அப்பங்கை எடுத்துவிட்டால் கழிந்த ஆண்டுகளும் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

வீட்டுத்தறியில் நெய்வோரும் நிலத்தில் பாடுபடுவோரும், “எங்களுக்கு என்ன வழி?” என்று கேட்கலாம். தபால் நிலையங்களிலும் வங்கிகளிலும் உள்ள பொது வருங்கால வைப்பு நிதி யாவருக்கும் உரியது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் செலுத்தலாம். தவணை பதினைந்து ஆண்டு. அதில் முதிர்ந்து வரும் தொகைக்கும் வட்டிக்கும் வரி இல்லை. ஐந்தாண்டுக்குப் பின் கொடிய நோய், உயர்கல்வி முதலிய காரணங்களுக்காக முன்கூட்டியே கணக்கை முடிக்கலாம். அப்போதும் வரி இல்லை. வட்டி வீதத்தில் மட்டும் நூற்றுக்கு ஒன்று குறையும்.

திருமணம், மருத்துவம், கடன் என்று அவசரங்கள் எல்லார் வீட்டிலும் வருவன. அவசரத்தில் பணம் எடுப்பவரைக் குறைகூறுவது நம் கருத்தன்று. எடுக்குமுன், பணிக்காலம் ஐந்தாண்டு நிறைந்ததா, மாற்றிக்கொள்ள வழியுண்டா, பான் எண் சேர்க்கப்பட்டுள்ளதா என்னும் மூன்றையும் பார்த்துக்கொள்க என்பதே நம் வேண்டுகோள். வேலை மாறி வரும் ஊழியருக்கும் அங்கத்தினர் குடும்பங்களுக்கும் சங்கக் காரியதரிசிகள் இவற்றை எடுத்துரைத்து, கணக்கு மாற்ற விண்ணப்பத்தை எழுதவும் உதவுவார்களாக. அரை மணி நேர உதவி, ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பைக் காக்கும்.