ஒற்றுமையும் ஒத்தூதுதலும்

கூட்டுறவின் உயிர்நாடி ஒற்றுமை என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், பலர் சொல்வதையே தாமும் சொல்லுவதுதான் ஒற்றுமை என்று கருதுவோர் நம்மிடையே உளர். இக்கருத்து சங்கத்துக்கு ஊறு விளைப்பதாகும்.

1950-ஆம் ஆண்டையொட்டி, ஸாலமன் ஆஷ் என்னும் உளநூல் பேராசிரியர் அமெரிக்கக் கல்லூரி மாணாக்கரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதற் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராக உரக்கக் கூற வேண்டும். பாவு அளந்து பழகிய நம் நெசவாளர்க்கு இஃது ஒரு நொடி வேலை. ஆனால், கூடியிருந்தோருள் ஒருவரைத் தவிர ஏனையோர் யாவரும், பேராசிரியர் முன்னரே சொல்லிவைத்தபடி, பல முறை தவறான கோட்டையே காட்டினர். அந்த ஒருவர் இந்த ஏற்பாட்டை அறியார்.

தனித்திருந்து விடையளித்தவர்கள் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பிறரது தவறான விடையைக் கேட்டபின் கூறியவர்களோ 100-க்கு ஏறத்தாழ 37 விடைகளைப் பிழையாகக் கூறினர். சிலர் தம் கண்ணையே ஐயுற்றனர். சிலர் உண்மையை அறிந்தும் தனித்து நிற்க அஞ்சினர். நால்வரில் ஒருவர் மட்டுமே இறுதிவரை இணங்காதிருந்தார்.

நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி இனித்தான் உள்ளது. கூட்டத்தில் உண்மை கூறும் துணைவர் ஒருவர் இருந்தபோது, இப்பிழைகள் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. விடையை மறைவாக எழுதித் தர இசைந்தபோதும் பிழை பெரிதும் குறைந்தது.

நம் மகாசபையிலும் இந்நிலை நேரக்கூடும். நூல் இருப்பிலோ, பருத்தி எடையிலோ ஐயமுற்ற அங்கத்தினர், அண்டையில் இருப்போர் கை தூக்கக் கண்டு தாமும் தூக்குகிறார். "ஏகமனதாக நிறைவேறியது" என்று தீர்மானப் புத்தகத்தில் பதிவாகிறது. பின்னர் நட்டம் வெளிப்படுமாயின், அதைச் சுமப்போர் வாய் திறவாதிருந்த அங்கத்தினர் அனைவருமே.

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சங்கம் கண்டனர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். பங்கு எத்துணை இருப்பினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்பது அவர்கள் கைக்கொண்ட நெறி. ஒவ்வொருவரும் தம் கண்ணால் கண்டு, தம் அறிவால் தேர்ந்து அளித்தாலன்றி அவ்வாக்குக்குப் பொருளில்லை.

எதிர்ப்பதையே தொழிலாகக் கொள்வதை நாம் ஆதரிக்கவில்லை. ஆராய்ந்து முடிவு செய்தபின் அதற்கு அனைவரும் கட்டுப்படுதலே முறை. ஆனால், முடிவுக்கு முன் கேள்வி எழ வேண்டும். கஞ்சியில் ஒட்டிக்கொண்ட இழைகள் தறியில் அறுந்துபோகும் என்பதை நெசவாளர் அறிவர்.

ஆதலின், தலைவர் தம் கருத்தை இறுதியிற் கூறுக. முக்கியமான தீர்மானங்களுக்கு மறைவான வாக்குச் சீட்டு வழங்குக. கணக்கில் ஐயமுற்றவர் தயங்காது எழுந்து கேட்பாராக. அவர் ஒருவர் எழுந்தால், அதே ஐயத்தோடு அமர்ந்திருக்கும் மற்றவர்க்கும் வாய் திறக்கத் துணிவு பிறக்கும்.