நீள்வளையத்தின் மையம்

நீள்வளையத்தின் வடிவம் கண்முன் இருப்பின் அதன் மையத்தை எளிதிற் சுட்டிக்காட்டலாம். வடிவம் மறைந்து சமன்பாடு மட்டுமே எஞ்சும்போது மாணவர் பலர் மயங்குவர். மனனஞ் செய்த சூத்திரம் பரீட்சை மண்டபத்திற் கைவிடுதலும் உண்டு; காரணத்தை உணர்ந்தார்க்கு அவ்விடர் இல்லை.

மையம் என்பது யாது? தன்னூடு செல்லும் நாண் ஒவ்வொன்றும் எப்புள்ளியில் இருசமகூறாகின்றதோ அதுவே மையம். அதனை உற்பத்தியாகக் கொண்டால், இரு ஆள்கூறுகளின் குறிகளையும் ஒருங்கே மாற்றினும் சமன்பாடு மாறாது. ஆதலின் முதற்படி உறுப்புக்கள் அதில் இடம்பெறா. அவை இருப்பின், உற்பத்தி மையத்தினின்றும் விலகியுள்ளது என்பதே பொருள்.

நமுனுகுல மலையின் உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,036 மீற்றர். பசறையிலிருந்து அளந்தால் எண் குறையும், மலை குறையாது. உற்பத்தியை மாற்றுதலும் இத்தகையதே.

கிடைத்தூரத்தைக் க எனவும், நிலைத்தூரத்தை ந எனவும் கொள்வோம்.

4க² + 9ந² − 16க + 18ந − 11 = 0

உறுப்புக்களை இனம் பிரித்தால், 4(க² − 4க) + 9(ந² + 2ந) = 11. வர்க்கங்களை நிறைவாக்க இருபுறமும் 16, 9 ஆகியவற்றைக் கூட்டுவோம்.

4(க − 2)² + 9(ந + 1)² = 36

36 ஆல் வகுக்க,

(க − 2)²/9 + (ந + 1)²/4 = 1

ஆகவே மையம் (2, −1). அரையச்சுக்கள் 3, 2. அடைப்புக்குள் உள்ள குறி மையத்தில் எதிராகும் என்பதை மறவற்க.

கந என்னும் பெருக்கம் வரின் யாது செய்வது?

க² + கந + ந² − 4க − 5ந + 6 = 0

மையம் (அ, ஆ) என்க. க = அ + ப, ந = ஆ + ம எனப் பிரதியிட்டால், முதற்படி உறுப்புக்களின் குணகங்கள் 2அ + ஆ − 4, அ + 2ஆ − 5 என வரும். இரண்டும் பூச்சியமாதல் வேண்டும்; எனவே அ = 1, ஆ = 2. சமன்பாடு ப² + பம + ம² = 1 எனச் சுருங்கும். மையம் (1, 2).

மையம் தெரிந்தபின் அரையச்சுக்கள் தெரியும். அவற்றால் சுற்றளவும் கிட்டும். கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் 1914இல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கோர் அண்ணளவுச் சூத்திரம் தந்தார். அரையச்சுக்களின் கூட்டுத்தொகையை மும்மடங்காக்குக; ஒவ்வோர் அரையச்சுடனும் மற்றையதன் மும்மடங்கைக் கூட்டி, அவ்விரு தொகைகளின் பெருக்கத்துக்கு வர்க்கமூலம் கண்டு கழிக்க; மீதியைப் பையாற் பெருக்குக. நம் முதல் நீள்வளையத்துக்கு அது பை × (15 − √99), அதாவது ஏறத்தாழ 15.87.

சூத்திரம் மறந்துபோகலாம், மையத்தின் இலக்கணத்தை உணர்ந்த மாணவன் அதனைத் தானே மீட்டுக்கொள்வான்.