விரவலும் பரவலும்: புள்ளியியல் இயற்பியல் மாதிரிகளின் பொருத்தமும் வரம்பும் (சங்கரன்கோவில் சார்ந்த எடுத்துக்காட்டுகளுடன்)

ஆய்வுச் சுருக்கம்

துகள்களின் சமவாய்ப்பு இயக்கத்தை விளக்க உருவான புள்ளியியல் இயற்பியல் மாதிரிகள், நோய், செய்தி, தொழில்நுட்பம், வழக்காறு ஆகியவை மக்களிடையே பரவும் முறையை ஆராய்வதற்கும் இன்று பயன்படுகின்றன. இம்மாதிரிகள் எந்த எடுகோள்களின் மேல் நிற்கின்றன, அவற்றுள் எவை சமூகத்துக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சாயமிடல், பூச்சந்தை, விசைத்தறி, ஆடித்தபசுத் திருவிழா ஆகிய சங்கரன்கோவில் வாழ்வின் கூறுகள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. ஒரு மாதிரி தரவுகளோடு ஒத்துப்போவது மட்டுமே அது காரணத்தை விளக்கிவிட்டதற்குச் சான்றாகாது என்பது கட்டுரையின் முடிபாகும்.

முதன்மைச் சொற்கள்: விரவல், பரவல், சமவாய்ப்பு நடை, பிரௌனியன் இயக்கம், வலைப்பின்னல், தொடக்க வரம்பு, சங்கரன்கோவில்.

முன்னுரை

தென்காசி மாவட்டத்தில் அமைந்த சங்கரன்கோவில், சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் பெயர்பெற்ற ஊர். விசைத்தறி நெசவும் பூ வணிகமும் அதன் பொருளியல் வாழ்வில் முதன்மையானவை. இவ்வூரில் ஒரே நாளில் நிகழக்கூடிய இரண்டு நிகழ்வுகளை எண்ணிப் பார்க்கலாம். சாயத் தொட்டியில் அமிழ்த்திய நூலிழைக்குள் சாயம் மெல்ல ஊறுகிறது. ஒரு தறிக்கூடத்தில் வெற்றிபெற்ற புதிய சேலைக்கரை வடிவம் அடுத்த தறிக்கூடங்களுக்குச் செல்கிறது. இரண்டையும் 'பரவுகிறது' என்றே பேச்சுவழக்கு குறிப்பிடுகிறது. ஆனால் சாயம் நூலுக்குள் சென்ற அளவுக்குத் தொட்டியில் குறைகிறது. கரை வடிவமோ, பிறருக்குச் சென்ற பின்பும் முதலில் நெய்தவரிடம் குறையாமல் இருக்கிறது.

தமிழில் விரவல், பரவல் என்னும் இரு சொற்களும் பல இடங்களில் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்குகின்றன. இக்கட்டுரையில், மொத்த அளவு மாறாமல் கலந்து செறிவு சமப்படும் நிகழ்வு 'விரவல்' எனவும், செல்லுமிடமெல்லாம் பெருகும் நிகழ்வு 'பரவல்' எனவும் வேறுபடுத்தப்படுகின்றன.

சமவாய்ப்பு நடை: ஒரு கருத்தின் தோற்றம்

1827இல் தாவரவியலாளர் இராபர்ட் பிரௌன், நீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாது நடுங்குவதை நுண்ணோக்கியில் கண்டார். 1855இல் அடால்ஃப் ஃபிக், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் நகரும் வீதம் செறிவுச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் விதியை வகுத்தார். முன்னது தனித்துகளின் அலைவு. பின்னது பெருந்திரளின் ஒழுங்கு. இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் இருமுகங்கள் என்பதை 1905இல் ஐன்ஸ்டைனும் 1906இல் ஸ்மோலுகோவ்ஸ்கியும் தனித்தனியே காட்டினர்.

இதன் மையக் கணிதம் எளியது. ஒவ்வோர் அடியையும் முந்தைய அடியின் நினைவின்றி எத்திசையிலும் வைக்கும் ஒரு துகள், காலப்போக்கில் தொடக்க இடத்திலிருந்து விலகும் தொலைவின் வர்க்கச் சராசரி காலத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். அதாவது, தொலைவு காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள துகள், நீரில் ஒரு நொடியில் ஏறத்தாழ 0.8 மைக்ரோமீட்டரும் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 6 மைக்ரோமீட்டரும் விலகும் என ஐன்ஸ்டைன் கணக்கிட்டார். காலம் 60 மடங்கானபோதும் தொலைவு 8 மடங்கை எட்டவில்லை. இக்கணிப்பை ஜீன் பெரினின் சோதனைகள் உறுதிசெய்தன. அணுக்களின் இருப்பை ஐயுற்றோரும் அதன்பின் அதை ஏற்றனர்.

'சமவாய்ப்பு நடை' என்னும் பெயரைக் கார்ல் பியர்சன் 1905இல் வழங்கினார். அதற்குப் பின்னணியாக அமைந்தது கொசுக்களின் இடப்பெயர்வு. 1897இல் செகந்திராபாத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கொசுவின் உடலில் கண்டறிந்த இரொனால்டு இராஸ், ஒரு நிலப்பகுதியிலிருந்து கொசுக்களை அகற்றினால் சுற்றுப்புறத்திலிருந்து அவை எவ்வளவு உள்ளே வந்து சேரும் என்னும் வினாவை எழுப்பினார். பியர்சன் எடுத்துக்கொண்டது இந்த வினாவையே. எனவே இம்மாதிரி முதலில் துகளுக்கு மட்டும் உரியதாக இருந்து பின்னர்ச் சமூகத்துக்குக் கடன் வாங்கப்பட்டது எனக் கொள்வது முழு உண்மையாகாது. பொதுநலம் சார்ந்த ஒரு வினா அதன் தொட்டிலருகிலேயே இருந்தது.

இத்துறைக்கு நிலையான அடித்தளமிட்ட ஆக்கங்களுள் ஒன்று, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சு. சந்திரசேகர் 1943இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை. இயற்பியலிலும் வானியலிலும் எழும் சமவாய்ப்புச் சிக்கல்களைப் பற்றிய அக்கட்டுரை, நீரில் மிதக்கும் துகளையும் விண்மீன் கூட்டத்தில் அலையும் விண்மீனையும் ஒரே கணித மொழியில் விளக்கியது.

மல்லிகை மணமும் மெதுவான விரவலும்

விரவல் எவ்வளவு மெதுவானது என்பதைச் சங்கரன்கோவில் பூச்சந்தை நன்கு உணர்த்தும். மல்லிகையின் மணத்துக்குக் காரணமான மூலக்கூறுகளின் விரவல் குணகம், காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 0.05 சதுரசென்டிமீட்டர் எனக் கொள்ளலாம். முற்றிலும் அசையாத காற்றில் அம்மூலக்கூறு ஒரு திசையில் சராசரியாக 1 மீட்டர் விலக ஒரு நாளுக்கு மேல் ஆகும். தொலைவு 10 மடங்கானால் காலம் 100 மடங்காகும். எனவே 10 மீட்டர் விலக ஏறத்தாழ நான்கு மாதங்கள் ஆகும். ஆனால் சந்தைக்குள் நுழைபவருக்கு மணம் சில நொடிகளிலேயே எட்டுகிறது. மணத்தைச் சுமந்து வருவது பெரும்பாலும் காற்றின் ஓட்டமே. தனி விரவலின் பங்கு மிகச் சிறிது.

சாயமிடலில் நிலைமை வேறு. இழைக்குள் ஓட்டம் இல்லை. அங்கு விரவலே சாயத்தை உள்ளே கொண்டுசெல்கிறது. தொலைவு மிகச் சிறியதாதலால் அது போதுமானதாகிறது. ஏனைய நிலைமைகள் ஒத்திருக்க இழையின் பருமன் இருமடங்கானால், சாயம் நடுவரை ஊற ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் வேண்டும்.

இவ்வெடுத்துக்காட்டு முறையியல் சார்ந்த பாடம் ஒன்றைத் தருகிறது. 'மணம் பரவியது' என்னும் ஒரே தொடர் ஓட்டத்தையும் விரவலையும் மறைத்து நிற்கிறது. எது எந்த அளவில் செயல்பட்டது என்பதைக் கணக்கே காட்டுகிறது. ஆடித்தபசு நாளில் தேர்வீதிகளில் திரளும் மக்களின் நகர்வுக்கும் இது பொருந்தும். ஒவ்வொருவரும் சிறிது இடமும் வலமும் அலைந்தாலும், அனைவரும் தபசுக்காட்சி நிகழும் இடத்தை நோக்கியே செல்கின்றனர். திசை கொண்ட நகர்வு காலத்துக்கு நேர்விகிதத்திலும், சமவாய்ப்பு அலைவு காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும் வளர்வதால், நேரம் செல்லச் செல்ல நோக்கமே மேலோங்கும். இத்தகைய கூட்டத்தைத் தூய சமவாய்ப்பு நடையாகக் கருதி நெரிசலை மதிப்பிடுவது பிழையான விடையையே தரும்.

குறையாமல் கொடுத்தல்: விரவல் பரவலாகும் இடம்

ஃபிக் விதியின் அடிப்படை எடுகோள் பொருளின் அழியாமை. நோயும் செய்தியும் இவ்வெடுகோளை மீறுகின்றன. கொடுத்தவரிடம் அவை குறைவதில்லை. பெற்றவர் அடுத்த கொடுப்பவராகிறார். ஆகவே விரவல் சமன்பாட்டோடு பெருக்க உறுப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1937இல் ஃபிஷரும், அதே ஆண்டில் கொல்மொகரோவ், பெத்ரோவ்ஸ்கி, பிஸ்குனோவ் ஆகியோரும் இவ்வாறு அமைத்த சமன்பாடு, இயல்பு முற்றிலும் வேறான விடையைத் தந்தது. பரவலின் முன்னணி அலைபோல மாறாத வேகத்தில் முன்னேறும். அவ்வேகம் விரவல் குணகம், பெருக்க வீதம் ஆகியவற்றின் பெருக்கற்பலனது வர்க்கமூலத்தின் இருமடங்கு. வர்க்கமூல வளர்ச்சி நேர்கோட்டு வளர்ச்சியாகிறது. நோய்த்தடுப்பில் சில நாள் தாமதம் ஏன் பேரிழப்பாகிறது என்பதற்கான விளக்கத்தின் ஒரு பகுதி இதில் உள்ளது.

பம்பாய்க் கொள்ளைநோய்: பொருந்திய கோடும் பொருந்தாத காரணமும்

மக்கள்தொகையை நோய்க்கு ஆளாகக்கூடியோர், நோயுற்றோர், நீங்கியோர் எனப் பிரிக்கும் மாதிரியைக் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927இல் வெளியிட்டனர். அதனைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட தரவு, 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் கொள்ளைநோயால் நிகழ்ந்த வாராந்தர இறப்புகள். அவர்கள் பெற்ற வளைகோடு 17ஆம் வாரத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ 890 என்னும் உச்சத்தை அடைந்து இருபுறமும் சமச்சீராக இறங்கியது. தரவுப் புள்ளிகள் அக்கோட்டை நெருங்கியே அமைந்தன. நோய்ப்பரவல் பற்றிய பாடநூல்கள் பலவற்றில் அவ்வரைபடம் இன்றும் இடம்பெறுகிறது.

ஆனால் கொள்ளைநோய் அங்கு முதன்மையாக எலிகளிடையே பரவி, தெள்ளுப்பூச்சி வழியாக மனிதரை அடைந்தது. மாதிரியோ மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதாகக் கொண்டது. இந்த எளிமையாக்கத்தை அவ்விருவரும் அறிந்தே செய்தனர். பருவகாலத்தின் பங்கும் அதில் இல்லை. அந்நகரில் கொள்ளைநோய் ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே பருவத்தில் எழுந்து தணிந்ததைச் சுட்டி, 2012இல் நிக்கோலா பக்காயேர் இப்பொருத்தத்தை மறு ஆய்வு செய்தார். வளைகோடு சரியாக இருந்தும் காரணம் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. அம்மாதிரியை அப்படியே நம்பித் திட்டமிடும் ஆட்சி மனிதரைத் தனிமைப்படுத்தும், எலிகளை மறந்துவிடும்.

தொலைவும் தொடர்பும்

இயற்பியல் விரவலில் அருகிலுள்ள இடமே முதலில் பாதிக்கப்படும். மக்கள் வாழ்வில் 'அருகில்' என்பதன் பொருள் மாறுகிறது. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு மொத்தச் சந்தையோடு தொடர்புடைய கொரோனா தொற்றுகள், அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் முதலிய மாவட்டங்களில் திடீரெனத் தோன்றின. அரியலூர் சென்னையிலிருந்து 250 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. நிலப்படத்தில் தொலைவான அவ்வூர், தொழிலாளர் போக்குவரத்தின் வலைப்பின்னலில் கோயம்பேட்டுக்கு அண்டை ஊராக இருந்தது.

டிர்க் பிரொக்மன், டிர்க் ஹெல்பிங் இருவரும் 2013இல் முன்வைத்த 'பயனுறு தொலைவு' என்னும் கருத்து இதையே கணிதமாக்குகிறது. இரு இடங்களுக்கிடையே பயணம் மிகுதியாயின் அவற்றின் பயனுறு தொலைவு குறையும். உலகப் பரவல்கள் நிலப்படத்தில் ஒழுங்கற்றுத் தோன்றினும், பயனுறு தொலைவில் வரைந்தால் வட்ட அலைகளாக விரிவதை அவர்கள் காட்டினர். கேரளத்துக்குப் பூ அனுப்பும் சங்கரன்கோவிலின் வணிக உறவுகளை ஆராய்பவரும், பேருந்துத் தொலைவை மட்டும் அளந்தால் அவ்வூரின் உண்மையான அண்டை ஊர்களைக் காண இயலாது.

ஒருவர் போதுமா, பலர் வேண்டுமா?

நோய்த்தொற்றுக்கு ஒரு தொடர்பு போதுமானதாகலாம். புதிய தொழில்நுட்பத்தை ஏற்பதற்குப் பெரும்பாலும் அது போதாது. ஃபிராங்க் பாஸ் 1969இல் அமைத்த மாதிரி, புதுமையை ஏற்போரைப் புறத்தூண்டலால் ஏற்போர், பிறரைக் கண்டு ஏற்போர் எனப் பகுத்தது. மார்க் கிரனோவெட்டர் 1978இல் மேலும் ஒருபடி சென்று, ஒவ்வொருவருக்கும் ஒரு தொடக்க வரம்பு உண்டு என்றார்: தமக்கு முன் எத்தனை பேர் ஏற்றிருந்தால் அவரும் ஏற்பார் என்பதே அது.

அவரது எண்ணியல் எடுத்துக்காட்டைத் தறிக்கூடங்களுக்கு மாற்றிக் காணலாம். கற்பனையாக 100 தறி உரிமையாளர்களைக் கொள்க. முதலாமவரின் வரம்பு 0, அடுத்தவருடையது 1, அடுத்து 2 என இறுதியில் 99 வரை செல்கிறது. முதலாமவர் புதிய தறியை வாங்கியதும் இரண்டாமவர் வாங்குவார். அதைக் கண்டு மூன்றாமவர். இவ்வாறு 100 பேரும் மாறுவர். இப்போது வரம்பு 1 உள்ள ஒருவருக்கு மட்டும் வரம்பு 2 எனக் கொண்டால், முதலாமவரோடு அனைத்தும் நின்றுவிடும். வரம்புகளின் சராசரி 49.50இலிருந்து 49.51ஆக மட்டுமே மாறியது. விளைவோ 100இலிருந்து 1ஆகச் சுருங்கியது. 'இவ்வூர் மக்கள் புதுமையை விரும்பாதவர்கள்' எனச் சராசரியிலிருந்து முடிவுகட்டும் கள ஆய்வு எவ்வளவு தவறக்கூடும் என்பதை இது உணர்த்தும்.

நெருங்கிய சிறு குழுக்களில் பலமுறை உறுதி பெற்ற பின்பே பரவும் இத்தகைய நடத்தைகளைச் 'சிக்கலான தொற்று' என டேமன் சென்டோலா, மைக்கேல் மேசி இருவரும் 2007இல் வகைப்படுத்தினர். தொலைதூர ஒற்றைத் தொடர்பு நோயை விரைந்து கடத்தும். ஆனால் தொழில் மாற்றத்தை அது கடத்தாமல் போகலாம்.

முடிவுரை

மொழி மாற்றம், நாட்டார் வழக்காறு, நெசவுத் தொழில், பொதுநலம் ஆகிய துறைகளில் 'பரவல்' என்னும் சொல்லைப் பயன்படுத்தும் ஆய்வாளர், மாதிரியைத் தேர்வதற்கு முன் நான்கு வினாக்களை எழுப்புதல் வேண்டும். பரவும் பொருள் கொடுத்தவரிடம் குறைகிறதா? நகர்வு சமவாய்ப்பானதா, நோக்கம் கொண்டதா? அண்மையைத் தீர்மானிப்பது தொலைவா, தொடர்பா? ஏற்பதற்கு ஒருவர் போதுமா, பலர் வேண்டுமா?

சாயம் நூலில் ஊறுவதற்கும் கரை வடிவம் தறிக்கூடங்களில் பரவுவதற்கும் இவ்வினாக்கள் வேறுவேறு விடைகளைத் தரும். விடைகள் ஒத்திருக்கும் இடத்தில் இயற்பியல் மாதிரி ஆய்வாளருக்கு வலிமையான கருவியாகும். வேறுபடும் இடத்தில் அதே மாதிரி அழகான வளைகோட்டைத் தந்து காரணத்தை மறைக்கக்கூடும். பம்பாய் வரைபடம் நூறாண்டுக்குப் பின்னும் நினைவூட்டுவது இதனையே.