வெந்நீர்ப் பாத்திரத்தில் ஒரு வெண்படிவு

கொண்டாப்பூரில் குடியேறிய நம்மவர் பலருக்கும் முதல் மாதத்திலேயே அறிமுகமாகும் பொருள் ஒன்றுண்டு. ஆழ்குழாய்க் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அது. அதைத் தேய்த்துத் தேய்த்துச் சலிக்கும் நாம், அப்பாத்திரத்தில் இருவகை மாற்றங்கள் ஒருங்கே நிகழ்வதைக் கவனிப்பதில்லை.

நீர் கொதித்து ஆவியாகிறது. மூடியில் பட்டுக் குளிர்ந்து மீண்டும் நீராகச் சொட்டுகிறது. நிலை மாறினும் பொருள் மாறவில்லை. எனவே இது பௌதிக மாற்றம். வெண்படிவின் கதை வேறு. நீரில் கரைந்து கண்ணுக்குப் புலனாகாதிருந்த கால்சியம் பைகார்பனேட், வெப்பத்தால் சிதைந்து, கரியமில வாயுவை வெளிவிட்டு, நீரில் எளிதிற் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிறது. புதுப்பொருள் பிறந்தமையால் இது ரசாயன மாற்றம்.

திரும்பப் பெற முடிந்தால் பௌதிகம், முடியாவிடில் ரசாயனம் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது முழு உண்மையன்று. இட்லிக்கு அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க இயலுமோ? ஆயினும் அரைத்தது பௌதிகமே. இரவில் அது புளித்துப் பொங்குவதுதான் ரசாயனம். புதுப்பொருள் உண்டாயிற்றா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இக்கேள்வியை இங்குள்ள பாறைகளிடமும் கேட்கலாம். தெலுங்கில் 'கொண்ட' என்றால் குன்று. ஐதராபாத்தின் கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. அவை வெயிலில் விரிந்து, குளிரில் சுருங்கி, நாளடைவில் பிளப்பது பௌதிக மாற்றம். கரியமில வாயு கலந்த மழைநீர், பாறையிலுள்ள பெல்ஸ்பாரைக் களிமண்ணாக்குவது ரசாயன மாற்றம். இவ்வாறு பாறை சிதையும்போது சில இடங்களில் அதிலுள்ள புளூரைடும் நிலத்தடி நீரில் சேர்கிறது. அருகிலுள்ள நல்கொண்டா மாவட்டம் இதனால் பட்ட துயரம் பெரிது: கறை படிந்த பற்கள், விறைத்த முதுகு, வளைந்த கால்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியினருக்கும் இது புதிதன்று. அன்றைய சென்னை மாகாணத்தில் இந்நோய் காணப்படுவதை 1937-லேயே ஆய்வாளர்கள் விவரித்து எழுதினர்.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். காய்ச்சினால் நீர் தூய்மையாகிவிடும் என்பது நம் வீடுகளின் நம்பிக்கை. கிருமிகள் சாகும், மெய்தான், புளூரைடு போகாது. நீர் மட்டும் ஆவியாகிக் குறைவதால், எஞ்சியதில் அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை புளூரைடு ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் கிடைக்காவிடில் 1.5 வரை.

நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கென வகுத்த முறை நல்கொண்டாவின் பெயராலேயே வழங்குகிறது. நீரில் படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுக் கலக்கினால், பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது, இது ரசாயனம். அது புளூரைடைப் பற்றிக்கொண்டு அடியில் தங்க, தெளிந்த மேல்நீரை இறுத்தெடுப்பது பௌதிகம். சேர்க்கும் அளவு நீருக்கு நீர் வேறுபடுமாதலால், வீட்டில் கைக்கணக்காகச் செய்யத்தக்கதன்று.

இப்பொழுது பல வீடுகளில் சுவரில் தொங்கும் சுத்திகரிப்புப் பொறியோ, நீரை அழுத்தி மெல்லிய சவ்வினூடே செலுத்தி உப்புகளைப் பிரிக்கிறது. புதுப்பொருள் ஏதும் பிறப்பதில்லை, முற்றும் பௌதிகமே. ரசாயனம்தான் வலியது என்பது வெறும் பிரமை.

ஆழ்குழாய் நீரையே பருகுவோர் அதை ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் சோதித்தறிவது நலம். புளூரைடு நாவுக்கும் தெரியாது, கண்ணுக்கும் தெரியாது. வெண்படிவை நீக்கவோ எலுமிச்சைச் சாறே போதும். ஊற்றியதும் சிறு குமிழிகள் எழும். அது எவ்வகை மாற்றம் என்று வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.