உங்களுக்குத் தெரியுமா? போர்க்கைதியிடம் என்ன கேட்கலாம்?

புதுச்சேரி ரெட்டியார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைச் சாலைக்குப் போனால், பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் கண்ணில் படும். ஜூலை 14 அன்று மார்பில் பதக்கங்களோடு நம்மூர் 'சொல்தா'க்கள் (பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரர்கள்) அங்கே மரியாதை செலுத்துவார்கள். அவர்கள் பணிபுரிந்த படையின் கதையோடு சில துணுக்குகள்:

◆ பிடிபட்ட வீரர் சொல்ல வேண்டியவை நான்கே: பெயர், பதவி, பிறந்த தேதி, படை எண். 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு இது. மேற்கொண்டு வாய் திறக்க மறுத்தால் அடிக்கவோ மிரட்டவோ இழிவுபடுத்தவோ கூடாது.

◆ 2019 பிப்ரவரி 27-ல் பாகிஸ்தானிடம் பிடிபட்ட தமிழர் விங் கமாண்டர் அபிநந்தன், கையில் டீ கோப்பையுடன் செய்ததும் அதுதான். விமானம், பணி பற்றிய கேள்விகளுக்குப் பணிவாகப் பதில் மறுத்தார். மார்ச் 1-ல் வாகா வழியே திரும்பினார். கைதியை வேடிக்கைப் பொருளாக்குவதை 13-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த விசாரணை வீடியோவை உலகமே பார்த்தது என்பது வேறு விஷயம்.

◆ புதுச்சேரி வீரர்கள் பலர் இந்தோசீனாவில் பிரான்ஸுக்காகப் போரிட்டவர்கள். 1954 மே 7-ல் அங்கே தியென் பியென் பூ கோட்டை விழுந்தது. சிறைபட்ட சுமார் 10,000 பிரெஞ்சுப் படையினரில் மூன்றில் ஒரு பங்கினரே உயிரோடு திரும்பினர். பசியும் நோயும் நெடுநடையும் மற்றவர்களைத் தின்றன.

◆ அதே ஆண்டு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் மோதல் தொடங்கியது. 1962 வரை நீடித்த அதைப் 'போர்' என்று பிரான்ஸ் சட்டப்படி ஒப்புக்கொண்டது 1999-ல்தான். போரே இல்லை என்றால் போர்க்கைதி ஏது? களத் தொலைபேசியின் கைச்சுற்று ஜெனரேட்டரைப் பிடிபட்டவர்கள் உடலில் இணைத்து விசாரித்தார்கள். சிப்பாய்கள் அதற்கு 'ழெழென்' என்று செல்லப்பெயரே வைத்திருந்தார்கள்.

◆ இந்தச் சித்திரவதையை எதிர்த்துப் பொறுப்பிலிருந்து விலகக் கேட்டவர் ஜெனரல் பொலார்தியேர். 1957-ல் அவருக்குக் கிடைத்தது 60 நாள் கோட்டைக் காவல். சித்திரவதை செய்ததைப் பின்னாளில் வெளிப்படையாக எழுதிய அதிகாரி ஓசாரெஸோ, 1960-களில் அமெரிக்காவின் ஃபோர்ட் பிராக் முகாமில் பாடம் நடத்தினார்.

◆ கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகளிடம், செய்யாத கிருமிப் போரைச் செய்ததாக வாக்குமூலம் வாங்கினார்கள். அப்படிப்பட்ட விசாரணையைத் தாங்கப் பழக்குவதற்காகத் தம் வீரர்களுக்கு அமெரிக்கா பயிற்சி அளித்தது. 2002-ல் குவாண்டனாமோ கைதிகள்மீது பாய்ந்தவை அந்தப் பயிற்சியில் காட்டிய முறைகளே. பொய் வரவழைத்த வழியில் உண்மையைத் தேடினார்கள்!

◆ இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பெயர்பெற்ற விசாரணையாளர் ஹான்ஸ் ஷார்ஃப், கைதிகள்மீது கைவைத்ததில்லை. காலாற நடக்க அழைத்துப்போய், ஊர்க்கதை பேசியே செய்தி கறந்தார். போருக்குப் பிறகு அமெரிக்காவில் மொசைக் ஓவியரானார். புளோரிடா டிஸ்னி வேர்ல்டின் சின்ட்ரெல்லா கோட்டைச் சுவரில் இருப்பது அவர் கைவண்ணம்.

◆ அடித்து வாங்கும் வாக்குமூலத்தை நம்ப முடியாது என்பது நமக்கும் பழைய பாடம். போலீசிடம் தரும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே சொன்னது. ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையைப் பிரான்ஸ் 1986-லும், இலங்கை 1994-லும் ஏற்றன. இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை.