தேசிய வளிமண்டல உமிழ்வுக் கணக்கேடு (ஐக்கிய இராச்சியம்)

தேசிய வளிமண்டல உமிழ்வுக் கணக்கேடு என்பது ஐக்கிய இராச்சியத்தில் ஓர் ஆண்டில் எந்தெந்த மூலங்களிலிருந்து எவ்வளவு காற்று மாசுகள் வெளியேறின என்பதை மதிப்பிட்டுத் தொகுக்கும் அரசுக் கணக்கு ஆகும். மின்நிலையங்கள், தொழிற்சாலைகள், ஊர்திகள், வீட்டு அடுப்புகள், வேளாண்மை முதலியன இதில் அடங்கும். பல மாசுகளுக்கு 1970 ஆம் ஆண்டு முதலான மதிப்பீடுகள் இதில் உள்ளன. இவ்வெண்களில் பெரும்பாலானவை கருவிகளால் அளக்கப்பட்டவை அல்ல, கணக்கிட்டுப் பெறப்பட்டவை. எனவே கணக்கிடும் முறை மாறினால், காற்றில் மாற்றம் இல்லாமலே எண் மாறக்கூடும்.

உமிழ்வும் செறிவும்

உமிழ்வு என்பது ஒரு மூலத்திலிருந்து வெளியேறும் மாசின் அளவு. இது பொதுவாக ஆண்டுக்கு இத்தனை டன் என்று குறிக்கப்படுகிறது. செறிவு என்பது ஓரிடத்தில் உள்ள காற்றில் கலந்திருக்கும் மாசின் அளவு. இது ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராம் என்று குறிக்கப்படுகிறது. தெருவோரத்தில் உள்ள அளவீட்டு நிலையம் செறிவை மட்டுமே காட்டும். அம்மாசு எந்த மூலத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பதை அறிய உமிழ்வுக் கணக்கு தேவைப்படுகிறது.

பின்னணி

1952 டிசம்பரில் இலண்டன் நகரை ஐந்து நாட்கள் சூழ்ந்த புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் இறந்ததாக அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. அதன் பின்னர் 1956 இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. நகரங்களில் புகை குறைந்தபோதிலும், உயரமான புகைபோக்கிகள் வழியே வெளியேறிய கந்தக டைஆக்சைடு நெடுந்தொலைவு பயணித்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்தும் பிரித்தானியாவிலிருந்தும் சென்ற இம்மாசு அமில மழையாகப் பெய்ததால் சுவீடன், நோர்வே நாடுகளின் ஏரிகள் பாதிக்கப்பட்டன.

ஒரு நாட்டின் புகை மற்றொரு நாட்டைப் பாதிப்பதால், 1979 இல் ஜெனீவாவில் நெடுந்தொலைவு எல்லை கடந்த காற்று மாசு உடன்படிக்கை கையெழுத்தானது. அது 1983 இல் நடைமுறைக்கு வந்தது. 1999 இல் உருவான கோத்தன்பர்க் நெறிமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் உமிழ்வு உச்சவரம்புகளை வகுத்தது. 2012 இல் அது திருத்தப்பட்டது.

கணக்கிடும் முறை

அடிப்படைச் சமன்பாடு எளிமையானது:

உமிழ்வு = செயற்பாட்டு அளவு × உமிழ்வுக் காரணி

செயற்பாட்டு அளவு என்பது எரிக்கப்பட்ட எரிபொருள், ஊர்திகள் ஓடிய தொலைவு, வளர்க்கப்படும் கால்நடைகளின் எண்ணிக்கை போன்றவற்றைக் குறிக்கும். உமிழ்வுக் காரணி என்பது ஓர் அலகு செயற்பாட்டுக்கு வெளியாகும் மாசின் அளவாகும்.

எடுத்துக்காட்டாக, 1 விழுக்காடு கந்தகம் கொண்ட ஒரு டன் நிலக்கரியில் 10 கிலோகிராம் கந்தகம் உள்ளது. கந்தகத்தின் அணு நிறை 32, கந்தக டைஆக்சைடின் மூலக்கூறு நிறை 64. ஆகவே கந்தகம் முழுவதும் எரிந்தால் 20 கிலோகிராம் கந்தக டைஆக்சைடு உண்டாகும். பெரிய மின்நிலையங்களின் புகைபோக்கிகளில் நேரடி அளவீடுகளும் கிடைக்கின்றன. இலட்சக்கணக்கான வீட்டு அடுப்புகளுக்கு அவ்வாறு செய்ய இயலாது.

அறிக்கையிடல்

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி 15 ஆம் நாளுக்குள் முடிவுகள் உடன்படிக்கையின் கீழ் அனுப்பப்பட வேண்டும். முறைகளை விளக்கும் அறிக்கைக்கு மார்ச் 15 கடைசி நாளாகும். எல்லா நாடுகளும் ஒரே வகைப்பாட்டைப் பின்பற்றுவதால் எண்களை ஒப்பிட முடிகிறது. பன்னாட்டுக் கப்பல் போக்குவரத்தும், உயரத்தில் பறக்கும் வானூர்திகளின் உமிழ்வும் தனியே குறிக்கப்படுகின்றன. அவை நாட்டின் மொத்தத்தில் சேர்க்கப்படுவதில்லை.

திருத்தங்கள்

புதிய தகவல் கிடைக்கும்போது கடந்த ஆண்டுகளின் எண்களும் மீண்டும் கணக்கிடப்படுகின்றன. சமன்பாட்டின் இரு பகுதிகளிலும் பிழை நேரலாம்.

உமிழ்வுக் காரணியில் பிழை: யூரோ 6 தரத்து டீசல் மகிழுந்துகளுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 80 மில்லிகிராம். 2016 இல் பிரித்தானிய அரசு நடத்திய சாலைச் சோதனைகளில் சராசரி ஏறத்தாழ 500 மில்லிகிராமாக இருந்தது. ஆய்வகச் சோதனை வரம்பை மட்டும் நம்பிக் கணக்கிட்டால் உண்மை உமிழ்வு பெரிதும் குறைத்துக் காட்டப்படும்.

செயற்பாட்டு அளவில் பிழை: 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத விட்டமுள்ள நுண்துகள்களின் உமிழ்வில் 38 விழுக்காடு வீடுகளில் விறகு எரிப்பதால் உண்டாகிறது என்று 2021 இல் வெளியான மதிப்பீடு கூறியது. வீடுகளில் எரிக்கப்படும் விறகின் அளவு முன்பு மிகையாகக் கணிக்கப்பட்டிருந்ததைப் புதிய ஆய்வு காட்டியது. 2022 இல் வெளியான திருத்திய மதிப்பீட்டில் அப்பங்கு 17 விழுக்காடாகக் குறைந்தது. மக்கள் சுவாசித்த காற்று இத்திருத்தத்தால் மாறிவிடவில்லை. மேலும், திருத்தத்துக்குப் பின்னரும் அது சாலைப் போக்குவரத்தின் பங்கைவிட அதிகமாகவே இருந்தது.

இதனால் வெவ்வேறு ஆண்டுகளில் வெளியான பதிப்புகளின் எண்களை நேரடியாக ஒப்பிடுவது தவறு. காலப்போக்கிலான மாற்றத்தை அறிய ஒரே பதிப்பில் உள்ள தொடரையே பயன்படுத்த வேண்டும்.

பயன்கள்

1970 க்கும் 2020 க்கும் இடையில் நாட்டின் கந்தக டைஆக்சைடு உமிழ்வு ஏறத்தாழ 98 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கேடு காட்டுகிறது. நிலக்கரிப் பயன்பாடு குறைந்தது, புகைபோக்கிகளில் கந்தக நீக்கிகள் பொருத்தப்பட்டது, எரிபொருள்களில் கந்தகம் குறைக்கப்பட்டது ஆகியவை இதற்குக் காரணங்களாகும். நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

விற்கப்படும் எரிபொருளின் அளவும் அதிலுள்ள கந்தகமும் நன்கு அறியப்பட்டவை என்பதால் இம்மதிப்பீடு உறுதியானது. விறகுப் புகையும், பெரும்பாலும் வேளாண்மையிலிருந்து வரும் அமோனியாவும் அவ்வாறு எளிதில் கணக்கிடக் கூடியவை அல்ல. 2005 ஆம் ஆண்டு அளவுடன் ஒப்பிட்டு 2030 இல் எட்டவேண்டிய இலக்குகளின்படி நுண்துகள் உமிழ்வு 46 விழுக்காடும் அமோனியா 16 விழுக்காடும் குறைய வேண்டும். அவ்விலக்குகள் எட்டப்பட்டனவா என்பது, கணக்கிடக் கடினமான இம்மூலங்களைப் பற்றிய மதிப்பீடுகளையே பெரிதும் சார்ந்துள்ளது.